வளவிலிருந்து தாழ்வாரத்துக்கு: காரைக்குடி அழகப்பா வளாகத்தின் நவீனக் கட்டடங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுப் பொருள்

செட்டிநாட்டுக் கட்டடக்கலை என்றதும் கானாடுகாத்தானின் முகப்புகளும், ஆத்தங்குடிக் கல் பாவிய வளவுகளும் (முற்றத்தைச் சுற்றி அமைந்த உள்கட்டுகளும்), பர்மாத் தேக்குத் தூண்களுமே பேச்சில் முதலில் வருகின்றன. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்க்கப்பட்டபோதும் கவனம் முழுவதும் அந்தப் பெரிய வீடுகளின் மீதும், அவை நிற்கும் தெருக்கள், ஊருணிகள் மீதுமே இருந்தது. அதில் தவறில்லை. ஆனால் அதே மண்ணில், அந்த வீடுகளைக் கட்டிய அதே நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தின் பொருளால், அந்த வீடுகளின் கடைசித் தலைமுறை கட்டி முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே எழுந்த இன்னொரு கட்டடத் தொகுதியும் காரைக்குடியில் இருக்கிறது. 1947க்குப் பிறகு டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார் அடுத்தடுத்துத் தொடங்கிய கல்லூரிகள், அவர் கொடுத்த நிலத்தில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், பின்னர் 1985இல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்த கல்வி நகரம் அது. சுற்றுலாக் கையேடுகள் இதன் பக்கம் திரும்புவதில்லை. கட்டடக்கலை பற்றிப் பேசுவோரும் பெரும்பாலும் கடந்தே போகிறார்கள்.

இந்த ஆய்வு அந்த வளாகத்தின் முதல் தலைமுறைக் கட்டடங்களை, அதாவது 1940களின் இறுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரையிலான காலத்துக்குரியவற்றை, ஒரு வகையாக எடுத்துக்கொண்டு அவற்றின் கட்டடக்கலை மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றை முகப்பைப் பார்த்து எடைபோட்டால் சாதாரண அரசாங்கக் கட்டடம் என்றுதான் தோன்றும். வெட்டுமுகத்தை, அதாவது கட்டடத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அமைப்பைப் பார்த்தால், வெயிலையும் காற்றையும் மழையையும் நகரத்தார் வீடு எப்படிக் கையாண்டதோ அதே கேள்விக்குப் புதிய பொருளிலும் புதிய சமூக நோக்கத்திலும் கொடுக்கப்பட்ட விடை தெரியும். ஆகவே இவை செட்டிநாட்டுக் கட்டட வரலாற்றின் அடுத்த அத்தியாயமாகக் கருதப்பட வேண்டியவை. பாதுகாக்கும்போதும் அந்த அளவுகோலையே கையில் எடுக்க வேண்டும்.

பணம் திசை திரும்பிய காலம்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940களுக்கும் இடையே கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப்போன இடங்களின் லேவாதேவிக் கடைகளிலிருந்து வந்த பொருள்தான் தேக்காகவும் பளிங்காகவும் கண்ணாடியாகவும் இங்கே வந்து இறங்கியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் போகவே, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு வயல்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த நிலமும் கடைகளும் கைவிட்டுப் போயின. பெரிய வீடு கட்டும் பழக்கம் ஏறக்குறைய அத்தோடு நின்றுவிட்டது. மிச்சமிருந்த முதலீடு ஆலை, வங்கி, காப்பீடு, கல்வி என்று திரும்பியது.

அழகப்பர் இந்தத் திருப்பத்தின் முகம். கோட்டையூரில் 1909இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில முதுகலை, லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, பிறகு துணி ஆலை. 1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்க, அழகப்பர் அங்கேயே காரைக்குடிக்கு ஒரு கல்லூரி என்று ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 11 அன்று, நாடு விடுதலை அடைவதற்கு நான்கு நாள் முன்னதாக, ஏற்கெனவே இருந்த காந்தி மாளிகையில் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கியது. 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. இதற்கிடையில் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க அவர் முன்வந்ததையடுத்து, 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே நாலரை ஆண்டு. போருக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் சிமெண்டும் இரும்பும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. கிடைத்த கம்பியை எங்கே போடுவது, எங்கே செங்கல் சுவரையே தாங்க விடுவது என்பது ஒவ்வொரு கட்டடத்திலும் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு. அந்தக் காலத்துக் கட்டடங்களில் காணப்படும் அடக்கத்துக்குக் காரணம் கொள்கை மட்டுமன்று, இந்தச் சிக்கனமும்தான். அந்தச் சிக்கனம் கட்டடங்களுக்கு நன்மையே செய்தது என்பது என் கருத்து: அலங்காரத்துக்குப் பொருள் இல்லாதபோது, நிழலுக்கும் காற்றுக்கும் வேண்டியது மட்டும் மிஞ்சியது.

நகரத்தார் மூலதனம் நவீனக் கட்டடக்கலையோடு கைகோத்தது காரைக்குடியில் மட்டும் நிகழ்ந்ததன்று என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் நகரின் உயரமான கட்டடமாக விளங்கிய எல்.ஐ.சி. கட்டடம், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைட்டெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டது. 1956இல் காப்பீடு நாட்டுடைமையானதால்தான் பெயர் மாறியது. வளவு கட்டிய அதே தலைமுறையின் கண்ணுக்குக் கான்கிரீட் அந்நியமாகப் படவில்லை.

இதற்கு வீடுகளுக்குள்ளேயே சான்று உண்டு. மரபின் அடையாளமாக இன்று விற்கப்படும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் நிறப்பொடியும் மணலும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. சிமெண்டு இல்லாவிட்டால் அந்தக் கல்லே இல்லை. 1930கள், 40களில் கட்டிய வீடுகள் பலவற்றில் நேர்கோடுகளும் வளைந்த மூலைகளும் கொண்ட ஆர்ட் டெக்கோ முகப்புகளைக் காணலாம். மரபு ஒரு பக்கம், நவீனம் மறுபக்கம் என்று கோடு கிழிப்பது செட்டிநாட்டுக்குப் பொருந்தாது.

வீடு போட்ட கணக்கு

கல்லூரிக் கட்டடத்தின் வெட்டுமுகத்தைப் படிப்பதற்கு முன் வீட்டின் வெட்டுமுகத்தைப் படிக்க வேண்டும். நகரத்தார் வீடு கிழக்கு மேற்காக நீளும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று அடுத்தடுத்துப் போய், ஒரு தெருவில் தொடங்கும் வீடு மறுதெருவில் முடிவதும் உண்டு. காலை வெயிலும் மாலை வெயிலும் தாக்கும் கிழக்கு, மேற்கு முகங்கள் குறுகியவை. நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. ஆனால் அந்த நீண்ட சுவர்கள் பெரும்பாலும் மூடியவை. வீடு மூச்சு விடுவது முற்றத்தின் வழியாக. வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே போக, சுற்றியுள்ள பத்திகளின் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரங்களின்) நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப வருகிறது. மழைக்காலத்தில் நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவுகளும் தண்ணீரை முற்றத்துக்கே தருகின்றன; அங்கிருந்து அது கிணற்றுக்கோ வடிகால் வழியாக ஊருணிக்கோ செல்கிறது. தடித்த சுவரும் சுண்ணாம்பு முட்டைப் பூச்சும் பகல் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சமூக ஒழுங்கும் இருக்கிறது. திண்ணை வரை யாரும் வரலாம், முகப்பு தெரிந்தவர்க்கு, வளவு பங்காளிகளுக்கும் சடங்குகளுக்கும், அதற்குப் பின்னால் உள்ளது பெண்களின் புழக்கத்துக்கு. ஒவ்வொரு நிலைவாசலும் ஒரு அனுமதி. காற்று உள்ளே சுழல்வதற்காக அமைந்த அதே வடிவம் மனிதர்களை வடிகட்டுவதற்கும் பயன்பட்டது.

கல்லூரி போட்ட கணக்கு

சாதியும் பங்காளி உறவும் பாராமல் நூற்றுக்கணக்கான மாணவர்கள் மணி அடித்ததும் ஒரே நேரத்தில் அறை மாற வேண்டிய ஒரு கட்டடத்துக்கு அந்த வடிவம் உதவாது. அந்தக் காலத்து நவீனக் கல்விக் கட்டடம் இதற்குக் கண்ட விடை எளியது: அறைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, அவற்றின் நீளம் முழுவதும் ஒரு பக்கம் திறந்த தாழ்வாரத்தை ஓட விடுவது. வீட்டில் முற்றத்தைச் சுற்றி மடிந்து கிடந்த பத்தி இங்கே விரித்து நேராக்கப்பட்டிருக்கிறது. எந்த அறைக்குப் போகவும் இன்னொரு அறையைக் கடக்க வேண்டியதில்லை. எந்த நிலைவாசலிலும் நின்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1940களின் செட்டிநாட்டில் இது பெரிய மாற்றம் என்றே நான் கருதுகிறேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தத் தாழ்வாரம் கொடுத்த உரிமையைக் கட்டடக்கலை மதிப்பில் சேர்க்காமல் விட முடியாது.

காற்றின் கணக்கும் மாறுகிறது. அறைகள் ஒரே வரிசையில் இருப்பதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் சன்னல் வைக்க முடிகிறது. ஆடிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். தாழ்வாரத்தின் கூரை வகுப்பறைக் கூரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், அதற்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் வரிசை கிடைத்து, மேலே தேங்கும் சூடான காற்றுக்கு வழி உண்டாகிறது. இருபுறமும் அறைகளை வைத்து நடுவில் இருண்ட நடைபாதையை விடும் பிற்காலத் திட்டங்களில் இந்த இரண்டு நன்மைகளுமே போய்விடுகின்றன. பகலிலும் விளக்கு எரிகிறது.

வெயிலின் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டடங்களின் புத்திசாலித்தனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. சித்திரைத் தொடக்கத்திலும் மறுபடி ஆவணியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில் அது தெற்கே சாய்ந்து, நண்பகலில் அடிவானத்திலிருந்து சுமார் 56 பாகை உயரத்தில் இருக்கும். ஆனியில் வடக்கே சாய்ந்து சுமார் 77 பாகை. குளிர்நாட்டுப் பாடப்புத்தகம் வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லை என்று சொல்லும். இங்கே ஆனி, ஆடி மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் இறங்கும். ஆகவே இரு பக்கமும் சன்ஷேடு வேண்டும். 60 சென்டிமீட்டர் நீட்டிய ஒரு சன்ஷேடு ஆனி நண்பகலில் வடக்குச் சுவரில் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நிழல் தரும். மார்கழியில் தெற்குச் சுவரில் அதே சன்ஷேடு தரும் நிழல் 90 சென்டிமீட்டர்தான். அந்தப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் அகலத் தாழ்வாரம் இருந்தால் மார்கழி நண்பகலிலும் கிட்டத்தட்ட 3.75 மீட்டர் வரை, அதாவது வகுப்பறைச் சுவர் முழுவதும், நிழலாகிவிடும். தாழ்வாரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது இவ்வாறு கையால் கணக்கிடக்கூடிய கேள்வி. கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைப்பது என்ற முதல் விதி மட்டும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் பொதுவாக நிற்கிறது.

இந்தக் காலத்துச் சன்ஷேடு ஒன்றின் அடியில் நின்று மேலே பார்த்தால், வெளி விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, நீளம் முழுவதும் ஒரு விரலளவு பள்ளம் ஓடுவதைக் காணலாம். மேலே விழுந்த மழைநீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல், அந்தப் பள்ளத்தில் தடைபட்டுக் கீழே சொட்டுவதற்காகச் செய்தது அது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஒரு சட்டத்தை அழுத்தி எடுத்துக் கொத்தனார் உண்டாக்கிய பள்ளம். இது இருக்கும் இடங்களில் சன்னல் நிலையும் அதன் மேலுள்ள பூச்சும் பல ஆண்டுகள் உலர்ந்தே இருக்கின்றன. மறுபூச்சில் அது அடைபட்டுப் போன இடங்களில் கறுப்புப் பாசி சுவரில் இறங்கியிருக்கும், கம்பியும் வெளியே தெரியத் தொடங்கியிருக்கும். ஒரு கட்டடத்தின் அறிவு எவ்வளவு சிறிய இடத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆய்வகக் கட்டடத்துக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. அமிலப் புகை வெளியேற வேண்டும். தண்ணீர், எரிவாயு, மின்சாரக் குழாய்கள் ஒவ்வொரு மேசைக்கும் போக வேண்டும். ஆய்வு மாறும்போது உள்சுவர்கள் இடம் மாற வேண்டும். சுவர் எடையைத் தாங்கும் பழைய முறையில் இது இயலாது. தூணும் பீமும் எடையைத் தாங்க, சுவர் வெறும் தடுப்பாக நிற்கும் சட்டக அமைப்புதான் அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. விடுதலைக்குப் பின் நாடெங்கும் எழுந்த தேசிய ஆய்வகங்களுக்குப் பொதுவான தேவை இது. அந்த வரிசையில் ஒன்று ஒரு பெருநகரத்தை விட்டுச் செம்மண் பொட்டலாக இருந்த காரைக்குடிப் பக்கத்துக்கு வந்தது என்பதே தனிச் செய்தி.

பெரிய பெயர் இல்லாத நவீனம்

உலகில் பல்கலைக்கழக வளாகங்களை நவீனக் கட்டடக்கலைக்காகவே போற்றும் வழக்கம் புதியதன்று. கார்லோஸ் ராவுல் வில்லனுவேவா வடிவமைத்த காரகாஸ் பல்கலைக்கழக நகரம் 2000ஆம் ஆண்டிலும், மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் மைய வளாகம் 2007ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இந்தியாவில் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு பியேர் ஜான்னரேயின் காந்தி பவன் இருக்கிறது. அகமதாபாத் மேலாண்மை நிறுவனத்துக்கு லூயி கான். காரைக்குடிக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. பெரிய கலைஞரின் கட்டடம் ஒரு மனிதரின் சிந்தனையைக் காட்டுகிறது. பெயர் இல்லாத கட்டடம் ஒரு காலம் முழுவதும் பொறியாளர்களும் மேஸ்திரிகளும் பொதுவில் வைத்திருந்த அறிவைக் காட்டுகிறது. வரலாற்றுக்கு இரண்டும் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளும் இந்த இரண்டாம் வகைதான். அவற்றைக் கட்டிய ஸ்தபதிகள், கொத்தனார்கள் பெரும்பாலோரின் பெயர்களை நாம் கேட்பதில்லை, மதிப்பதற்கு அது தடையாகவும் இல்லை.

ஒப்பிட வேண்டுமென்றால் அருகிலேயே, புதுச்சேரியில், கோல்கொண்டே இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமாக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உள்ளிட்டோர் உடனிருந்து 1930களின் பின்பாதியிலும் 40களின் முற்பாதியிலும் கட்டிய கான்கிரீட் கட்டடம் அது. வடக்கும் தெற்கும் பார்க்கும் நீண்ட முகங்களில் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். காற்று வேண்டும்போது திறந்து, மழை அடிக்கும்போது மூடலாம். கிழக்கு மேற்கு நீளம், ஒற்றை வரிசை அறை, அறையை ஒட்டிய நடை என்று காரைக்குடியின் தாழ்வாரக் கட்டடங்கள் பேசும் அதே இலக்கணத்தை அது மிகுந்த நுட்பத்தோடு பேசுகிறது. அது இன்றும் புதுக்கருக்கு மாறாமல் நிற்பதற்கு வடிவமைப்பு பாதிக் காரணம். அங்கே வசிப்போர் நாள்தோறும் துடைத்தும் பழுதுபார்த்தும் வருவது மறுபாதி.

அகமதாபாத் வேறொரு பாடம் தருகிறது. அங்கே நூலகக் கட்டடம் கவனமாகச் சீரமைக்கப்பட்டு 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது பெற்றது. அடுத்த ஆண்டே, 18 விடுதிகளில் 14ஐ இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2021 புத்தாண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2022இல் சில கட்டடங்களை மீண்டும் கட்டும் பேச்சு திரும்பவும் வந்தது. லூயி கானின் பெயரே காப்பாற்றப் போதவில்லை என்றால், பெயரில்லாத கட்டடங்களின் நிலை என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டெல்லியின் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் உருவாக்கிய தேசங்களின் அரங்கம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டபோது, அது 60 ஆண்டைத் தொடவில்லை என்பது பாதுகாப்புக்குத் தடையாகச் சொல்லப்பட்டது. தேசிய நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் 100 ஆண்டு வயதைக் கேட்கிறது. காரைக்குடியின் கட்டடங்கள் அந்த வயதை எட்ட 2050கள் வரை காத்திருக்க வேண்டும். கான்கிரீட் அவ்வளவு காலம் காத்திருக்காது.

கம்பியும் துருவும்

ஏன் காத்திருக்காது என்பதற்கான விடையை ஆராய்ந்துவரும் நிறுவனமே இந்த வளாகத்தில் இருக்கிறது. மின்வேதியியல் ஆய்வகத்தின் முக்கியத் துறைகளில் ஒன்று உலோக அரிமானம், அதாவது உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவது. இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தை வெளியிட்டதும், மண்டபம் என்ற கடலோர ஊரில் கடல்சார் அரிமான ஆய்வு நிலையத்தை நடத்துவதும், கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கான பாதுகாப்புப் பூச்சுகளை உருவாக்கியதும் அந்த நிறுவனம்தான். கடற்கரைக் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பயன்பட்டுவரும் அந்த அறிவு, அதன் சுற்றுப்புறத்திலேயே நிற்கும் 1950களின் கட்டடங்களுக்கும் முழுமையாகப் பயன்பட வேண்டும் என்பது இந்த ஆய்வின் அடிப்படையான விருப்பம்.

நிகழ்வது இதுதான். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை 12.5 பிஎச் அளவுக்கு மேல் இருக்கும்; அந்தச் சூழலில் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அது துருப்பிடிக்காமல் காக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்வதால், முதல் பத்தாண்டில் போன தூரத்தைப் போல இரு மடங்கு போக நாற்பது ஆண்டு ஆகும். பிஎச் 9 அளவுக்குக் கீழே இறங்கிய பகுதி கம்பியைத் தொட்டதும் படலம் உடைந்து, ஈரமும் ஆக்சிஜனும் சேர, துரு தொடங்குகிறது. துரு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் மூடியிருக்கும் கான்கிரீட் பிளந்து விழுகிறது. கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் (கவர்) எவ்வளவு தடிப்பு என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. 1978ஆம் ஆண்டு இந்தியத் தர விதிகளில்கூடத் தளங்களுக்கு 15 மில்லிமீட்டரே குறைந்தபட்சம். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் மிதமான சூழலுக்கு 30 கேட்கிறது. முதல் விதித்தொகுப்பே 1953இல்தான் வந்தது என்பதை நினைத்தால், அதே ஆண்டுகளில் வார்த்த தளங்கள் இன்றுவரை நிற்பது அன்றைய வேலைத்திறனுக்குச் சான்று.

இவ்வட்டாரத்தில் அதே காலத்துப் பள்ளிக் கட்டடம் ஒன்றின் தாழ்வாரத்தில் இதை நேரில் பார்க்க வாய்த்தது. மேற்தளத்தின் அடிப்பூச்சு ஒரு முழ நீளத்துக்கு உதிர்ந்து, கம்பி அடுக்கடுக்காக உரிந்து தெரிந்தது. புதிதாக உடைத்த விளிம்பில் காரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் மட்டும் சிவக்கும் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தபோது, வெளிப்பக்கம் நிறமே மாறாமல் இருக்க, கம்பிக்கு மேலே உள்ளே தள்ளித்தான் கருஞ்சிவப்பு நிறம் தோன்றியது. நிறமற்ற பட்டை கம்பியைத் தாண்டிவிட்டது என்பதே நோயின் முழு விவரம். நான்கடி தள்ளி, பூச்சு உதிராத இடத்தில், தாமிர சல்ஃபேட் மின்முனையை வைத்து அளந்தால் மின்னழுத்தம் -350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருக்கக்கூடும். வெளியே எதுவும் தெரியாத அங்கேயும் அரிமானம் நடக்க வாய்ப்பு மிக அதிகம் என்று அதற்குப் பொருள். அந்தத் தாழ்வாரத்தில் அப்படி யாரும் அளக்கவில்லை. உதிர்ந்த இடத்தில் சிமெண்டுக் கலவை அப்பி, வெள்ளையடித்து முடித்தார்கள். புதிய கலவைக்குள் உள்ள கம்பி பாதுகாப்பாக இருக்க, ஒட்டின் விளிம்பை அடுத்த பழைய பகுதி முன்னைவிட விரைவாக அரிக்கப்படும் என்பது மின்வேதியியலின் எளிய விதி. சில மழைக்காலம் கழித்து ஒட்டின் ஓரத்திலிருந்தே அடுத்த உதிர்வு தொடங்கும். கட்டடம் பலவீனம், இடித்துவிடலாம் என்ற பரிந்துரை அப்போது தயாராகும்.

இடிப்புக்கு முன்பே கட்டடத்தைக் கொல்லும் செயல்கள் வேறு உண்டு. தாழ்வாரத்தின் திறந்த பக்கத்தை அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்து மூடுவது அவற்றில் முதன்மையானது. தூசி வராது, அறை ஒன்று கூடும் என்ற காரணங்கள் கேட்க நியாயமாகவே இருக்கும். மூடியதும் குறுக்குக் காற்று நின்று அறை கொதிக்கிறது, ஏசி வைக்கிறார்கள், அதன் வெளியலகு சன்ஷேடின் மேல் ஏறுகிறது, ஆள் நின்றால் தாங்கும் அளவுக்கே வார்த்த பலகை அந்த எடையையும் அதிர்வையும் வடியும் நீரையும் சுமக்கிறது. மேல்தளத்தில் பழைய சுண்ணாம்பு ஜல்லியையும் தட்டோட்டையும் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவதும், ஒழுகலுக்கு அஞ்சித் தகரக் கொட்டகை போடுவதும் அப்படிப்பட்டவையே. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு மராமத்து. சேர்ந்தால் வெட்டுமுகம் அழிந்துவிடுகிறது, முகப்பு மட்டும் பார்ப்பதற்கு அப்படியே இருக்கிறது.

எதைக் காப்பது, எப்படி

முதல் தலைமுறைக் கட்டடங்கள் அனைத்தையும் ஒரே தரத்தில் காக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. அவசரத்தில் கட்டியவையும், பிறகு அடையாளம் தெரியாமல் மாறியவையும் எந்தப் பழைய வளாகத்திலும் இருக்கும். அவற்றில் மாணவர்களுக்குத் தேவையான புதிய இடத்தைக் கண்டுகொள்ளலாம். ஒற்றை வரிசை அறையும் திறந்த தாழ்வாரமும் கெடாமல் நிற்கும் கட்டடங்களே காப்பின் மையம். அவற்றில் நிறத்தை மாற்றலாம், தரையை மாற்றலாம், மின்கம்பிகளைப் புதுப்பிக்கலாம், ஊனமுற்றோருக்குச் சரிவுப் பாதை அமைக்கலாம். தாழ்வாரத்தை மூடக்கூடாது, எதிரெதிர்ச் சன்னல்களை அடைக்கக்கூடாது, சன்ஷேடை வெட்டக்கூடாது. செட்டிநாட்டு வீட்டில் வளவை மூடி அறையாக்கினால் வீடே போய்விட்டது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதே கண்டிப்பு தாழ்வாரத்துக்கும் வேண்டும்.

பழுதுபார்ப்பு சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். கார இழப்பின் ஆழமும் மின்னழுத்தமும் ஒவ்வொரு தளத்துக்கும் அளந்து குறிக்கப்பட வேண்டும். அதன் பிறகு தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை எடுத்து, துருவை நீக்கி, பாதுகாப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த கலவையால் நிரப்புவது வழக்கமான முறை. பரப்பு பெரிதாக இருந்தால், சிறிய மின்னோட்டம் செலுத்திக் கான்கிரீட்டின் காரத்தன்மையை மீட்கும் முறையும் இருக்கிறது. அது முழுக்க மின்வேதியியல் என்பதால் முன்னோட்டமாகச் செய்து பார்க்கக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. செலவு ஒட்டுப்போடுவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். இடித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டே அதை மதிப்பிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது ஆவணம். செட்டிநாட்டு வீடுகளை அளந்து வரைய நாட்டின் பல கட்டடக்கலைக் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அதே மாணவர்களைக் கல்லூரிச் சாலைக்கும் அழைத்து, கட்டடத்துக்கு ஒரு தளப்படமும் தாழ்வாரத்தின் குறுக்கே போகும் ஒரு வெட்டுமுகமும் வரையச் சொல்லலாம். தாழ்வாரத்தின் அகலம், சன்ஷேடின் நீட்டம், வெண்டிலேட்டரின் உயரம், கட்டடம் நோக்கும் திசை ஆகிய நான்கு அளவுகளும் அதில் இருந்தால் போதும். பழைய மூல வரைபடங்கள் அலுவலக அலமாரிகளில் கிடந்தால் அவற்றைச் செல்லரிப்பதற்கு முன் ஸ்கேன் செய்ய வேண்டும். அளக்கும் வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்வது நல்லது: சூரியன் நேர் உச்சியில் இருக்கும் அந்த வாரங்களில் நிழலையும் நேரில் குறித்துக்கொள்ளலாம், கசிவுகளின் தடங்களும் காய்ந்து தெளிவாகத் தெரியும், கண்டுபிடித்த பழுதைச் சரிசெய்ய ஐப்பசி மழைக்கு முன் ஐந்து மாதமும் மிஞ்சும்.